சதுரங்கப்பட்டினத்து எதிர்வீட்டுக்காரர்

சிற்பியின் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அதனால் எங்கள் அம்மன் கோயிலின் இரண்டாவது துவாரபாலகிக்கு இன்னும் முகம் வரவில்லை.

மாமல்லபுரத்தில் இறங்கிய காலையில் எனக்குக் கிடைத்த முதல் செய்தி இதுதான். பட்டறை வாசலில் முதல் துவாரபாலகி கதாயுதத்தில் கையை ஊன்றி மிடுக்காக நின்றாள். பக்கத்தில் அவளுடைய ஜோடி ஒட்டியாணம் முதல் கழுத்துச் சரடுவரை எல்லாம் போட்டுக்கொண்டு, அதற்கு மேலே வெறும் கல்லாக நின்றாள். "பேர் வைக்கிறது முடிஞ்சதும் அண்ணன் வந்துருவாரும்மா. முகத்த மட்டும் அவர் கைதான் வைக்கணும்" என்றார் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்த சிற்பியின் தம்பி.

நியாயமாக இந்த வேலைக்கு வந்திருக்க வேண்டியவர் என் கணவர். ஈப்போவில் எங்கள் குடியிருப்புக் கோயிலுக்குச் செயலாளர். கிளம்புகிற வாரத்தில் குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் தாதியான நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். 2006இன் தொடக்கம் அது. இந்தியாவுக்கு எனக்கு அதுதான் முதல் பயணம். சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றபோது ஓர் அதிகாரி, "தமிழ்தானேம்மா? ஏன் இங்க நிக்கிறீங்க?" என்று உள்நாட்டவர் வரிசையைக் காட்டினார். போனேன். அங்கே பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பழைய வரிசைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

பட்டறைக்காரர்கள் எனக்கு ஏற்பாடு செய்திருந்த கார் ஒரு வெள்ளை அம்பாசிடர். ஓட்டுநர் ஏழுமலை. திருக்கழுக்குன்றம் பக்கம் விவசாயக் குடும்பம், இப்போது வண்டி. முதல் நாள் காலையில் மரியாதைக்கு, "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். காலை உணவு ஆயிற்றா என்று கேட்க எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் யோசித்தார்.

"இன்னாம்மா கேக்கற? பசி ஆறலையே. சூடாத்தான் கீது."

இரண்டு பேரும் நாஸ்தாவுக்குப் போனோம். இட்லிக்கு வடகறி என்று ஒன்று கொடுத்தார்கள். ஈப்போவில் ரொட்டி சானாய்க்குக் கொடுக்கும் பருப்புக் குழம்பைவிட நூறு மடங்கு உறைப்பு. நாக்கை நீட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஏழுமலை எனக்கு மோர் வரவழைத்தார். அதிலும் மிளகாய் இருந்தது.

சாயங்காலம் கடற்கரைக் கோயில். இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் எனக்கு முன்னால் நடந்தார்கள். "இந்த ஊரில் பாதிப் பாறைகளை முடிக்காமலே விட்டிருக்கிறார்கள்" என்றாள் ஒருத்தி ஆங்கிலத்தில். "முடிக்காததைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்" என்றாள் மற்றவள். முகமில்லாத என் துவாரபாலகியை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் சும்மா இருக்க முடியாமல் சதுரங்கப்பட்டினத்துக்குப் போகலாம் என்றேன். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இடிந்து கிடக்கிறதாம். வழியெல்லாம் சவுக்குத் தோப்பு, இடையிடையே கடல். கோட்டை வாசலை நெருங்கும்போது காரின் முன்பக்கத்திலிருந்து புகையாக ஆவி கிளம்பியது.

"பேஜாராப் பூட்சிம்மா. பெல்ட்டு அறுந்துக்குது. நீ உள்ள போய்ச் சுத்திப் பாரு, நான் ஒரு பெல்ட்ட வாங்கினு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு யாருடைய சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு போய்விட்டார்.

கோட்டைக்குள் செங்கல் சுவர்கள், மண்டையோடு செதுக்கிய கல்லறைகள், நாலைந்து ஆடுகள். கடலைப் பார்த்த மதில் ஓரம் ஒரு பெண் உட்கார்ந்து டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னை நிற்க வைத்தது அவர் உட்கார்ந்திருந்த விதம். அத்தனை அழகான கடல் பின்னால் இருக்க, அதற்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்கக்கா, நிழல்ல உக்காருங்க" என்றார். திருநெல்வேலி இழுப்பு. எனக்கு அந்தப் பேச்சு தெரியும். ஈப்போவில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர்களின் பூர்வீகம் அதுதான்.

மூடியில் சோறு வைத்துக் கொடுத்தார். பெயர் அமுதவல்லி. கல்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் அளவு காட்டும் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை. கணவர் சிவஞானமும் அங்கேதான், கணக்குப் பிரிவில். நான் மலேசியா என்றதும் வழக்கமாக எல்லோரும் கேட்கிற இரட்டைக் கோபுரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"அங்க நிழல் எப்படி விழும்? பூமத்தியரேகைக்குப் பக்கத்துல இல்லையா? நடுப்பகல்ல காலுக்கு அடியிலயே போய் ஒளிஞ்சிக்கிடுமோ?"

ஐம்பத்து நான்கு வருடம் அந்த ஊரில் வாழ்ந்தவள் நான். என் நிழல் நடுப்பகலில் எங்கே விழுகிறது என்று தெரியவில்லை. அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "எனக்கும் தெரியாமத்தான் இருந்தது. ஒரு சிநேகம் வந்தப்புறந்தான் பாத்தேன்." சிரிப்பு சட்டென்று நின்றது. ஏழுமலை வாசலில் ஹார்ன் அடித்தார். கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று முகவரி சொன்னார்.

வண்டியில் ஏழுமலையிடம் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தம்மாவா? நல்ல பொம்பளதான்மா. வேத்துக் கிரகத்து ஆளு ஒண்ணு அவுங்களுக்கு தோஸ்துன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு. கல்பாக்கத்துக்கு நான் சவாரி ஓட்டுவேன், தெரியும். சுனாமி அன்னிக்கி அவுங்க நைனாவ அலை தூக்கினு பூட்சி. காலைல வாக்கிங் போனவரு. அத்தோட அந்தம்மா கடல் பக்கம் திரும்பறதில்ல. ஊரே கேட்டுச்சி, உன் தோஸ்து முன்னாடியே சொல்லலியான்னு." கியரை மாற்றினார். "நானுங்கூடத்தான் கேட்டேன். கேட்டுருக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை ஏழுமலைக்கு ஒரு கல்யாணச் சவாரி. நான் பஸ்ஸில் போனேன். எங்கள் ஊரில் இறங்க வேண்டுமானால் மணியை அழுத்துவோம், பஸ் நிற்கும். மணியைத் தேடிக்கொண்டே இருந்தேன். நான் இறங்க வேண்டிய புதுப்பட்டினம் வந்தது, போனது. "இன்னாம்மா, பராக்குப் பாத்துனு கீற? கத்தினனே, காதுல வுழல?" என்று கண்டக்டர் என்னை அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். வெயிலில் திரும்பி நடந்து வந்தேன். நடக்கும்போது என் நிழலைப் பார்த்தேன். இடது பக்கமாகக் குட்டையாக, தோளில் பையோடு கூடவே வந்தது.

அவர்கள் வீடு முதல் மாடியில், கடைத்தெருவைப் பார்த்து இருந்தது. முன்பு கடலைப் பார்த்த குடியிருப்பில் இருந்தார்களாம். அமுதவல்லி சொதி வைத்திருந்தார். தேங்காய்ப்பால், முருங்கைக்காய், எலுமிச்சை, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. ஈப்போவில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் வீட்டில் சாப்பிட்டது இடியாப்பத்துக்கு ஊற்றும் சொதி. இது சோற்றுக்கு, இன்னும் கெட்டி. மூன்று தரம் கேட்டு வாங்கினேன். சிவஞானம் மெலிந்த, நிதானமான மனிதர். சாப்பாடு முடிந்ததும் அந்தச் சிநேகத்தைப் பற்றி நான் நேரடியாகக் கேட்டுவிட்டேன். யாரும் தட்டிக்கழிக்கவில்லை.

"தொண்ணூறுகள்ல நடந்தது. கல்யாணமாகி இங்க வந்த புதுசு" என்று தொடங்கினார் அமுதவல்லி. "பால்கனியில துணி காயப் போட்டுட்டு இருந்தேன். யாரோ என் கண்ணு வழியா அந்தத் துணியப் பாத்தாங்க. ஈரச் சேலை காத்துல ஆடுறத வாழ்க்கையிலயே முதல் தடவையா பாக்குற மாதிரி. பாத்துட்டு, 'என்ன?'ன்னு கேட்டது. வார்த்தை கிடையாது. ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சின்னப் பிள்ளை முந்தானையப் பிடிச்சு இழுக்கும்லா, அந்த மாதிரி."

பேய் என்று பயந்து கோயில் கோயிலாகப் போயிருக்கிறார். பிறகு டாக்டர், பரிசோதனைகள். எல்லாம் சரியாக இருந்தன. "கருவி காட்டுறது பொய்யா நெசமான்னு பாக்குறதுதான் எனக்கு வேலை. என்னையும் அப்படித்தான் வச்சுப் பாத்தேன். எல்லா விதத்துலயும் சோதிச்சேன். கடைசியில, இது என்கிட்ட இருந்து வரலன்னு தெரிஞ்சு போச்சு. எனக்குத் தெரியாததை நானே எப்படிக் கேப்பேன்?"

அதற்கு எடை தெரியாது, மேல் கீழ் தெரியாது, தண்ணீர் தெரியாது. எல்லாவற்றையும்விட நிழல் புரியவில்லை. வாரக்கணக்காக நிழல்களையே கேட்டதாம். தூணின் நிழல், காக்கையின் நிழல், தட்டின் ஓரத்தில் சோற்றுப் பருக்கையின் நிழல். ஒருநாள் தன் ஊரை அவருக்குக் காட்டியது. அங்கே எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம். நிழலே கிடையாது. தனித்தனி ஆட்களும் கிடையாது.

"நாம ஒருத்தர ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடுதோம்லா, அங்க அதுக்கு வேலையே இல்லக்கா. யாரும் யாரையும் விட்டு நவுந்தாத்தான கூப்பிடணும்? அதப் பாத்துட்டு ரெண்டு நாள் காய்ச்சலாக் கிடந்தேன்."

அப்போது அவர்கள் வீட்டுக்கு எதிரே கடலைத் தவிர ஒன்றுமில்லாததால் சிவஞானம்தான் அதற்கு 'எதிர்வீட்டுக்காரர்' என்று பெயர் வைத்தாராம். "உங்களுக்கும் தெரியுமா?" என்று அவரிடம் கேட்டேன்.

"எனக்கு அது வராதுங்க. நான் கணக்குப் பிரிவு" என்றார். பிறகு, "ஆனா இவளுக்குப் பொய் சொல்ல வராது. அது போதும். எங்க அம்மா கதையச் சொல்லு" என்றார் மனைவியிடம்.

மாமியாருக்கும் அமுதவல்லிக்கும் ஆகாது. கூப்பிட்டால் மாமியார் பதில் சொல்லமாட்டார், வேண்டுமென்றே அலட்சியம் செய்கிறார் என்று தினமும் சண்டை. ஒருநாள் கோபத்தில் கத்திக்கொண்டிருந்தபோது அந்த இழுப்பு வந்தது. என்ன? திட்டுவதை நிறுத்தாமலே பார்த்தார். மாமியாரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண்கள் அவருடைய உதடுகளின் மேலேயே இருந்தன. அந்த அம்மாவுக்கு வலது காது கேட்கவில்லை. வருடக்கணக்காகக் கேட்கவில்லை. வெட்கத்தில் மறைத்திருக்கிறார். பெற்ற மகனுக்கே தெரியாது.

"எத்தன வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம், அந்த முகத்த நான் பாத்ததே இல்லக்கா. எனக்கு எது வேணுமோ அத மட்டுமே பாத்து வாழ்ந்திருக்கேன். ஒண்ணுமே தெரியாத ஒருத்தர் வந்து பக்கத்துல நின்னு கேட்டாத்தான் நமக்குக் கண்ணு திறக்குது."

பிறகு சுனாமி வந்த அந்தக் காலை. சிவஞானம் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

"அப்பா ஊருல இருந்து வந்து ஒரு மாசம். தினமும் கடலோரமா நடக்கப் போவாங்க. நான் அடுப்படியில சட்னி அரைச்சிட்டு இருந்தேன். அப்ப அது வந்துச்சு. அந்த மாதிரி ஒரு சந்தோஷத்த அதுகிட்ட நான் பாத்ததே இல்ல. கடல் மொத்தமும் ஒரே ஆளா எழுந்து வருது, அதோட ஊர் மாதிரி. 'பாரு, பாரு'ன்னு என்னை இழுத்துச்சு. எனக்கும் மனசு பொங்குது. காரணம் தெரியாம அடுப்புக்கு முன்னால நின்னு சிரிச்சேன்." கையைப் பிசைந்தார். "அந்த நேரத்துல அப்பா தண்ணிக்குள்ள, அக்கா. நான் சிரிச்சிட்டு நின்னேன். முன்னாடியே சொல்லலியான்னு எல்லாரும் கேட்டாங்க. அது சொல்லாதது எனக்குப் பெரிசா இல்ல. அது சந்தோஷப்பட்டதத்தான் என்னால தாங்க முடியல."

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த இழுப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டார், கடலுக்கு முதுகைக் காட்டினார், வீடு மாறினார். ஆனாலும் மதிய இடைவேளையில் கால் தானாகக் கோட்டைக்குப் போகும். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்காருவார். மெல்ல மெல்ல இழுப்பும் குறைந்து நின்றுபோனது.

நான் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வந்தது வேறு.

"அப்ப, அது இப்ப தனியா இருக்குமே?"

"அதுக்குத் தனின்னா என்னன்னே தெரியாது" என்றார் உடனே. கீழே கடைத்தெருவில் எவனோ வாழைப்பழம் கூவி விற்றான். "இப்பத் தெரிஞ்சிருக்குமோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

பஸ் நிறுத்தம்வரை சிவஞானம் கூட வந்தார். "நான்தாங்க மாமாவத் தேடி எடுத்தேன். அவ வந்து பாக்கல, பாக்க மாட்டேனுட்டா" என்றார். "அந்த எதிர்வீட்டுக்காரர் நெசமோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனா அது இருந்த வரைக்கும் அவ என்னையும் நல்லாப் பாத்தா. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாலயே கண்டுபிடிச்சிருவா. இந்த ஒரு வருஷமா நான் எதிர்ல நின்னாலும் அவளுக்குத் தெரியறதில்ல."

மறுநாள் ஏழுமலை என்னைத் திருவிடந்தைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். கல்யாணம் தள்ளிப்போகிற பெண்களும் ஆண்களும் மாலையோடு சுற்றி வந்தார்கள். பிராகாரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். நம்பினேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நாள் முழுவதும் பிள்ளைகளின் வாயைப் பார்ப்பவள் நான். பயத்தில் சொல்வது எது, உண்மையில் வலிப்பது எது என்று முகம் பார்த்தால் தெரியும். அமுதவல்லியின் வலி உண்மை. அதற்கு மேல் எனக்குத் தெரிய வேண்டுமா? வெளியே வந்தால் ஏழுமலை தன் மகளுக்காக மாலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெட்கத்தோடு நின்றார்.

அறைக்குத் திரும்பினால் வரவேற்பில் சொன்னார்கள், கல்பாக்கத்திலிருந்து போன் வந்ததாக. திருப்பிக் கூப்பிட்டேன்.

"நாளைக்குக் காலைல சதுரங்கப்பட்டினம் வருவீங்களாக்கா? தனியாப் போகப் பயமா இருக்கு. இவுங்க வந்தா நான் அழுதுருவேன். நீங்கன்னா பரவால்ல."

படகுகள் திரும்பிவிட்ட நேரம். ஏழுமலை கோட்டைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, "நான் இங்கயே கீறேன்மா" என்று இருந்துகொண்டார். குப்பத்துப் பெண்கள் அலுமினிய அன்னக்கூடைகளில் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கருவாட்டு வாடை. மணலில் குப்புறக் கவிழ்த்த படகுகள், புதிதாகப் பூசிய நீலம். அமுதவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே தண்ணீர் ஓரம்வரை நடந்தார். அங்கே நின்று கண்ணைத் திறந்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அலை, காக்கை, ஒரு பாட்டி யாரையோ வைகிற சத்தம். என் செருப்பு நனைந்தது.

பிறகு வந்தது. எனக்கும் வந்தது. நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு பெண்ணின் கையில் மீன் செதில் ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று 'செதில்' என்ற பெயர் அதிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. பெயர் போனதும் அது மட்டும் இருந்தது, ஓரத்தில் வெயில் பட்டு. அதைப் போன்ற ஒன்றை நான் அதுவரை பார்த்ததேயில்லை. கயிறும் அப்படியே, ஈரமணலும் அப்படியே, அமுதவல்லியின் மணிக்கட்டில் துடித்த நரம்பும் அப்படியே. எது நான், எது அந்த நரம்பு என்று ஒரு கணம் பிடிபடவில்லை. பயமாக இல்லை. நெஞ்சுக்குள் யாரோ ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. அதற்குள்ளே அந்த இழுப்பு, மிகவும் தயங்கியபடி. என்ன?

"எங்க அப்பா" என்றார் அமுதவல்லி சத்தமாக. மீன் பிரித்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வெள்ளை வேட்டி. கையில குடை, வெயில் இல்லாட்டாலும் குடை. பேப்பரப் படிச்சிட்டு நாலா மடிச்சுத் தலகாணிக்கு அடியில வைப்பாங்க. இருமினா வீடே அதிரும். எம் பேரச் சொல்லாம 'ஏளா'ன்னுதான் கூப்பிடுவாங்க. இந்த வழியாத்தான் நடப்பாங்க."

அப்போது இழுப்பு மாறியது. அது தேடத் தொடங்கியது. எங்கள் கண்களைக் கொண்டு தேடியது. என் பார்வை என் பிடியில் இல்லை. வலை உதறிக்கொண்டிருந்த கிழவரின் முகத்துக்குப் போனது. இல்லை. படகின் மறைவுக்குப் போனது. தூரத்தில் வெள்ளையாக அசைந்த ஒன்றுக்குப் போனது. அது ஒரு பிளாஸ்டிக் பை. மணலில் காலடித் தடங்களின் மேல் ஒவ்வொன்றாகப் போனது. சவுக்குத் தோப்பு, கோட்டை மதில், மறுபடி அந்தக் கிழவர். பிறகு அலைக்குள், அலைக்கு அடியில். ஆவலாக, நம்பிக்கையாக, எங்கோ இருக்கத்தானே வேண்டும் என்பதுபோலத் தேடியது. என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல" என்றார் அமுதவல்லி.

அது தேடிக்கொண்டே இருந்தது. அந்த வார்த்தை அதற்குத் தெரியவில்லை. யாரும் யாரையும் விட்டு நகராத இடத்திலிருந்து வந்தது அது.

"தேடாத. அப்பா இல்ல. இங்க இல்ல, எங்கயும் இல்ல. இல்லன்னா..." அவர் குரல் உடைந்தது. "இல்லன்னா, நான் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன், பதில் வராது. அதுதான் இல்ல."

தேடல் நின்றது. கடற்கரை முழுவதும் நின்றதுபோல இருந்தது. பிறகு சுடுபாத்திரத்தைத் தொட்ட குழந்தை கையை இழுத்துக்கொள்வது மாதிரி, எங்களிடமிருந்து ஏதோ வெடுக்கென்று விலகியது. செதில் மறுபடி செதிலானது. கயிறு கயிறானது.

அமுதவல்லி ஈரமணலிலேயே உட்கார்ந்து அழுதார். முகம் கடலைப் பார்த்திருந்தது. "இத்தன நாளும் அந்த வார்த்தைய நானும் சொன்னதில்லக்கா" என்றார். மீன் பிரித்த பெண்களில் ஒருத்தி எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், செம்பில் தண்ணீர் கொடுத்தாள். "என் வூட்டுக்காரரும் அன்னிக்கித்தான் பூட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தாள்.

நான் ஊருக்குக் கிளம்பும்வரை அது மறுபடி வரவில்லை. "போயிருக்கும். அங்க போயிட்டா இதெல்லாம் மறந்துரும், நல்லதுதான்" என்றார் அமுதவல்லி போனில். அவர் குரலில் கோபம் போயிருந்தது. அந்த இடத்தில் ஏக்கம் வந்திருந்தது. சிற்பி வந்தார், புதுத் தகப்பனுக்கு உரிய தூக்கம் கெட்ட கண்களோடு. துவாரபாலகிக்கு முகம் வைத்தார். லேசாகச் சிரிக்கிற முகம். பெட்டியில் அடைக்கும் முன் அவள் எதிரே நின்று, அதிக நேரம் பார்த்தேன்.

ஈப்போவில் என் வேலை அதேதான். ஆனால் வாயைத் திற என்று சொல்வதற்கு முன்பு இப்போதெல்லாம் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்க்கிறேன். கணவர் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு எரிந்து விழுந்த மாதங்களில், அவர் ஜன்னலுக்கு வெளியே கோயில் கோபுர வேலையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்துத் தினமும் அங்கே தள்ளிக்கொண்டு போனேன். முன்பென்றால் நானும் பதிலுக்கு எரிந்து விழுந்திருப்பேன். அது என்னை வந்து பார்த்துவிட்டுப் போனது ஒரே ஒரு முறைதான். அதற்கே இவ்வளவு.

மூன்று வருடம் கழித்து மறுபடி மாமல்லபுரம் போனேன், இந்த முறை கணவரோடு, நவக்கிரகச் சிலைகளுக்காக. அவரைப் பட்டறையில் விட்டுவிட்டுக் கல்பாக்கத்துக்குப் போனேன். அமுதவல்லி கொஞ்சம் பருத்திருந்தார், தலை நரைத்திருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மறுபக்கம் நல்ல காபி கிடைக்கும் என்று என்னை அழைத்துப் போனார். சாலையோரத்தில் நின்றவர் திடீரென்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"என்ன அமுதா? நெஞ்சு வலியா?"

"இல்லக்கா." சிரித்தார். "வந்திருக்கு."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"போன வருஷம் வந்துச்சு. ஒருநாள் இதே இடத்துல கடக்கப் போறேன், நெஞ்சு படபடன்னு அடிக்கு. எனக்கு ஒரு பயமும் இல்ல, நான் என்னைக்கும் கடக்கிற ரோடுதான். அப்புறந்தான் தெரிஞ்சுது, இது என் பயம் இல்லன்னு. மாடிப்படி ஏறினாப் பயப்படுது, கரண்ட் சுவிட்சத் தொட்டாப் பயப்படுது. இவுங்களுக்குத் தும்மல் வந்தாக்கூட, 'என்ன?'ங்குது. முந்தியெல்லாம் அந்தக் கேள்விக்குள்ள சந்தோஷம் இருக்கும். இப்ப வேற."

"அதன் ஊரில் இந்தப் பயமெல்லாம் கிடையாதே. திரும்பிப் போய்விடலாமே?"

"போகலாம். நானும் சொல்லிப் பாத்துட்டேன். போக மாட்டேங்குது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க முதல்ல கடங்க. எனக்குக் கொஞ்சம் நேரமாகும்."

ஒரு லாரி போனதும் கடந்துவிட்டேன். அவர் வரவில்லை. இன்னொரு பஸ் போயிற்று, இரண்டு கார்கள் போயின. பிறகு இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாலை காலியாகிவிட்டது. வெயில் மட்டும் தாரில் மினுங்கியது. காபிக் கடை வாசலில் நின்ற ஒருவர் பொறுக்க முடியாமல் கத்தினார்.

"ரோடு காலியாத்தானே கீது! வாயேம்மா, இன்னாத்துக்கு நிக்கற?"

அமுதவல்லி அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடியும் வலது பக்கம், அவசரமேயில்லாமல். மிரண்டு போன ஒருவருக்கு, பார், ஒன்றுமில்லை பார், என்று எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருப்பவரைப் போல அந்த வெற்றுச் சாலையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் காத்திருந்தேன். கடைசியில், எதிர்வீட்டுக்காரரிடமிருந்து சம்மதம் கிடைத்திருக்க வேண்டும், சாலையில் காலை வைத்தார்.